மெட்டு நீங்கிய கழுத்து: பெங்களூருவில் பழைய பேஸ் கிதார்களின் மறுவாழ்வு

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து எழுதப்படுகிறது. ஒன்று கருவியைச் செய்தவரின் பட்டறை. மற்றொன்று அதை வாசித்தவரின் மேடை. இவ்விரண்டுக்கும் இடையே கருவி கைமாறுகிறது, பழுதாகிறது, திருத்தப்படுகிறது, மீண்டும் விலைக்கு வருகிறது. ஒரு கருவியின் ஆயுளில் மிக நீண்ட பகுதி இந்த இடைக்காலமே. ஆயினும் வரலாற்று நூல்களில் அதற்குரிய இடம் அடிக்குறிப்பைத் தாண்டுவதில்லை. பழைய கருவியை வாங்குவோர், விற்போர், அதன் உறுப்புகளை மாற்றியமைப்போர் ஆகியோரை இசை வரலாற்றின் பாத்திரங்களாகக் கொண்டால் என்ன புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு எடுத்துக்கொள்ளப்படும் கருவி பேஸ் கிதார்; இடம் பெங்களூரு.

1. பிரித்து மாட்டத்தக்க கருவி

இன்றைய வடிவிலான பேஸ் கிதார் 1951இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் சந்தைக்கு வந்தது. அதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் இசைக்கலைஞர் அல்லர். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கியவர். கிதார் வாசிக்கவும் அவருக்குத் தெரியாது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபுள் பேஸைச் சுமந்து திரிந்த நடன இசைக்குழுவினரின் சிரமத்துக்கும், மின்கிதாரின் ஓசையில் அக்கருவி அமுங்கிப்போன குறைக்கும் அவர் கண்ட விடையே 'ப்ரிசிஷன் பேஸ்'. இதற்கு முன்னரே 1930களில் சியாட்டில் நகரின் பால் டட்மார்க் மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றிருந்தார், அது பரவவில்லை.

பெயரிலேயே அதன் வாதம் அடங்கியிருந்தது. டபுள் பேஸின் விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. சுருதி வாசிப்பவரின் காதையும் விரலையும் மட்டுமே நம்பியிருந்தது. ஃபெண்டரின் கருவியில் மெட்டுகள் பதிக்கப்பட்டன. 34 அங்குலத் தந்தி நீளத்தில் முதல் மெட்டு நரம்புத்தாங்கியிலிருந்து ஏறத்தாழ 48.5 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியிலும் அமையும். விரல் சற்றுப் பின்னே விழுந்தாலும் ஓசை சுருதியில் நிற்கும். 'துல்லியம்' என்ற பெயர் அதனால் வந்தது.

இரண்டாவது மாற்றம் இக்கட்டுரைக்கு இன்னும் முக்கியமானது. ஃபெண்டர் தம் கருவிகளின் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் இணைத்தார். கழுத்து வளைந்தால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மின்சுற்று பழுதானால் மேல்தகட்டைத் திறந்து பற்றவைக்கலாம். பழுதுபார்ப்பவர் ஒருவர் பழுதுபார்ப்பவரை மனத்திற்கொண்டு வடிவமைத்த கருவி அது. பின்னாளில் உலகெங்கும் எழுந்த மாற்றியமைக்கும் வழக்கத்துக்கு இந்த நான்கு திருகாணிகளே அடிப்படை.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதியதன்று. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. மெழுகுப் படுகையில் பதிக்கப்பட்டவை. நாளடைவில் மெழுகு இளகும், மெட்டுகள் தேயும், சுரத்தானம் பிறழும். அப்போது மெழுகை நீக்கிப் புதிதாக மெட்டுகளை அமைப்பதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். மேளம் கட்டிய வீணையை 'மூலநிலை கெட்ட வீணை' என்று எவரும் சொல்வதில்லை. கருவியைக் காலந்தோறும் மறுபடி அமைப்பது அதன் இயல்பான வாழ்வின் பகுதியாகக் கருதப்பட்டது.

சொற்களிலும் இந்த உறவு தெரிகிறது. தமிழில் 'மெட்டு' என்பது தந்தி அழுந்தும் கட்டையையும் குறிக்கும், பாட்டின் இசைவடிவையும் குறிக்கும். கன்னடத்தில் 'மெட்டிலு' என்பது படிக்கட்டு. தந்தியைத் தாங்கும் உறுப்புக்குத் தமிழில் 'குதிரை'. இந்தியில் பெண்குதிரையைக் குறிக்கும் 'கோடி'. பிரெஞ்சில் சிறுகுதிரை எனப் பொருள்படும் 'செவலே'. கம்பியை முறுக்கும் ஆணிக்குப் 'பிருடை' என்ற சொல் உண்டு. பெங்களூருப் பட்டறைகளில் பேஸ் கிதாரின் உறுப்புகள் ஆங்கிலப் பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றன எனினும், அவற்றைத் தமிழில் எழுத வீணைத் தச்சரின் சொற்களஞ்சியமே போதுமானது.

2. பழைய கருவியில் பிறந்த புதிய ஓசை

பேஸ் கிதாரின் ஓசை வரலாற்றில் நிகழ்ந்த பெரிய திருப்பங்கள் பலவும் தொழிற்சாலையில் நிகழவில்லை; பழைய கருவியைத் திறந்தவர்களின் கையில் நிகழ்ந்தன.

பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன், 1961இல் 8 பவுண்டுக்கு ஒரு மலிவான பழைய பேஸை வாங்கினார். அதன் தேய்ந்த மெட்டுகள் அதிர்ந்து ஓசை எழுப்பின. புதியவை பதிக்கும் எண்ணத்துடன் அவற்றைப் பிடுங்கினார். உடலையும் தமக்கேற்பச் செதுக்கிக்கொண்டார். மெட்டில்லாத கழுத்தின் ஓசை பிடித்துப்போகவே புதிய மெட்டுகள் பதிக்கப்படவேயில்லை. ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1966இல்தான்.

ஜாக்கோ பாஸ்டோரியஸின் கருவி இன்னும் புகழ்பெற்றது. அது 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். மெட்டுகள் நீக்கப்பட்ட பள்ளங்கள் மரப்பசையால் நிரப்பப்பட்டன. விரற்பலகையின்மேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சிப் பூச்சு ஏற்றப்பட்டது. உலோகச் சுற்றுத் தந்தி மரத்தை அரிக்காமல் காப்பது அதன் முதல் நோக்கம். கடினமான பரப்பில் தந்தி உரசியபோது எழுந்த நீண்ட, பாடுவது போன்ற ஓசை அதன் விளைவு. 1976இல் வெளியான அவரது முதல் இசைத்தட்டுக்குப் பிறகு மெட்டில்லாப் பேஸ் தனி வாத்தியமாகவே மதிக்கப்பட்டது. மெட்டுகளை நீக்கியது யார் என்பதைப் பற்றி அவரே வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். கலைஞரின் வாய்மொழியும் பிற சான்றுகளைப் போலவே ஒப்புநோக்கப்பட வேண்டியது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மின்சுற்றிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறை 1960களின் இறுதியில் பிறர் செய்த பேஸ்களைத் திறந்து, மின்கலத்தில் இயங்கும் முன்பெருக்கிகளைப் பொருத்துவதில் தொடங்கியது. தன் பெயரில் கருவி செய்தது அதன் பிறகே. மார்க்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸை நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி மாற்றியமைத்தார். அந்த மாற்றத்துக்குப் பின் அமைந்த ஓசையே பின்னர் பலரும் நாடிய 'மூல' ஓசையாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு போக்கும் வளர்ந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் 1.3 கோடி டாலருக்குச் சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்கப்பட்டது. அதன்பின் தரம் தாழ்ந்தது என்ற கருத்து வாசிப்போரிடையே பரவ, 1965க்கு முந்தைய கருவிகளின் மதிப்பு ஏறியது. மதிப்பேறிய பொருளுக்கு மெய்ம்மைச் சோதனை வேண்டும். எனவே 'எல்லா உறுப்பும் மூலம்' என்பது விலையை நிர்ணயிக்கும் அளவுகோலாயிற்று. பற்றவைப்பு கலைந்திருந்தால் விலை குறையும். மறுவண்ணம் பூசியிருந்தால் பெரிதும் குறையும். பிக்கப்புக்காக உடலில் புதிய குழி தோண்டியிருந்தால் சேகரிப்பாளர் விலகிவிடுவார். மாற்றியமைத்தலால் வளர்ந்த கருவிக்கு, மாற்றியமைத்தலைக் குற்றமாகக் கருதும் சந்தை வாய்த்தது. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டு பெங்களூருவுக்கு வரவேண்டும்.

3. கட்டுப்பாட்டின் காலம்

1947ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தியச் சந்தையின் எல்லைகளை வகுத்தது. அந்நியச் செலாவணி இயந்திரங்களுக்கும் உணவுக்கும் எரிபொருளுக்கும் ஒதுக்கப்பட்டது. நுகர்பொருள் இறக்குமதிக்கு வாயில் ஏறத்தாழ அடைபட்டிருந்தது. மின்கிதாரும் அதன் தந்திகளும் அந்த அடைபட்ட பக்கத்தில் இருந்தன. வெளிநாட்டுப் பேஸ் ஒன்று நாட்டுக்குள் வருவதென்றால் கப்பல் மாலுமியோ, தூதரக ஊழியரோ, வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினரோ கொண்டுவர வேண்டும். ஆகவே இந்தியாவில் பேஸ் கிதாரின் வரலாறு தொடக்கம் முதலே கைமாறிய கருவியின் வரலாறு. புதிய கருவி இங்கே விதிவிலக்கு.

இந்த வெற்றிடத்தைக் கொல்கத்தாவின் பட்டறைகள் ஓரளவு நிரப்பின. அவற்றின் வணிகப் பெயர்களே தனி ஆய்வுக்குரியவை. கிப்சனின் நடுவெழுத்தை மாற்றிக் 'கிவ்சன்' பிறந்தது. ஹோனரின் நடுவெழுத்தை மாற்றி 'ஹோப்னர்' பிறந்தது. ஓரெழுத்து மாற்றம் சட்டத்தின் கண்ணுக்கு வேறு பெயர். மேடைக்குக் கீழே நிற்பவர் கண்ணுக்கு அதே பெயர். எட்டாத பொருளுக்கான ஏக்கமும், உள்ளூரில் அதைச் செய்துவிட முடியும் என்ற துணிவும் ஒரே எழுத்தில் பதிவாகியிருக்கின்றன.

சித்தார்த் பாட்டியா 2014இல் வெளியிட்ட 'இந்தியா சைகடெலிக்' என்ற நூல் 1960, 70களின் இந்திய ராக் குழுக்களைப் பற்றியது. நல்ல கருவி கிடைக்காமல் உள்ளூர்த் தச்சரையும் வானொலி மெக்கானிக்கையும் நம்பியிருந்த இளைஞர்களின் சித்திரம் அதில் காணக்கிடைக்கிறது. சிம்லா சிகரெட்டின் பெயரால் நடந்த பீட் போட்டிகளும், அவற்றிலிருந்து வந்த 1970, 1971ஆம் ஆண்டு இசைத்தட்டுகளும் அக்காலத்தின் ஒலிச்சான்றுகள். அவற்றில் கேட்கும் பேஸின் மங்கலான ஓசையை வாசிப்பவரின் குறையாக மட்டும் கொள்ளலாகாது. பழைய தந்தி, வீட்டில் சுற்றிய கம்பிச்சுருள், வானொலிப் பெருக்கி ஆகியவற்றின் கூட்டு ஓசையும் அதில் கலந்திருக்கக்கூடும்.

தாழ்ந்த ஓசை என்பது மின்பொறியியலுக்குக் கடினமான சோதனை. பேஸின் மிகத் தாழ்ந்த 'ஈ' தந்தி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. வீட்டு வானொலியின் சிறு ஒலிபெருக்கிக்கு அந்த அதிர்வை எழுப்பும் ஆற்றல் இல்லை. பெரிய ஒலிபெருக்கி, கனத்த மின்மாற்றி, போதிய திறனுள்ள வால்வுகள் மூன்றும் வேண்டும். கிதார் வாசிப்பவர் வானொலிப் பெட்டியோடு சமாளித்துவிடலாம். பேஸ் வாசிப்பவரால் இயலாது. மெக்கானிக்கின் துணை அவருக்கே முதலில் தேவைப்பட்டது.

4. பாசறை நகரமும் தொழிற்சாலை நகரமும்

பெங்களூருவின் தண்டுப் பகுதி 1809இல் பிரித்தானியப் படை முகாமாக அமைக்கப்பட்டது. படையோடு தமிழ் பேசும் மக்கள் திரளாக வந்து அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளில் குடியேறினர். முகாமுக்கு வேண்டிய தச்சு, கொல்லு, தையல், தோல் வேலைகள் அங்கே வேரூன்றின. படைப்பிரிவின் வாத்தியக் குழு, தேவாலயப் பாடகர் குழு, மன்றங்களின் நடன இரவு ஆகியவற்றின் வழியே மேற்கத்திய இசை அப்பகுதியில் அன்றாடப் புழக்கத்தில் இருந்தது. 1949இல் தண்டும் பேட்டையும் ஒரே மாநகராட்சியாக இணைந்தபோது, மேற்கத்திய வாத்தியங்களோடு ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த பழக்கமுள்ள ஒரு நகரப் பகுதி அந்த மாநகராட்சிக்குள் வந்தது.

அதே காலத்தில் மற்றொரு பெங்களூரு எழுந்தது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் தொடங்கின. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளையும், 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. கம்பிச்சுருள் சுற்றவும், உலோகத்தை நுண்ணளவில் கடையவும், மின்சுற்றின் பழுதைக் கண்டறியவும் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நகரில் திரண்டன. சதர் பத்ரப்பா சாலை என்னும் எஸ்.பி. ரோடு உதிரிபாகச் சந்தையாக வளர்ந்ததும், பீன்யா சிறுதொழில்களின் பெரும் பேட்டையாக வளர்ந்ததும் இந்தச் சூழலில்தான்.

அந்தத் திறன் இசைக்குப் பாய்ந்ததற்குப் பொதுவெளியில் நன்கறியப்பட்ட சான்று ஒன்று உண்டு. விமானத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண், 1979இல் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். அவர் நிறுவிய ரேடல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புரா பின்னர் கர்நாடக இசைக் கச்சேரி மேடைகளுக்குப் பழகிய பொருளாயிற்று. பேஸ் கிதாரின் பிக்கப்பைச் சுற்றியவர்களுக்கு இத்தகைய பெயர்ப்பதிவு இல்லை. எனினும் பிக்கப் என்பது காந்தத்தின்மேல் மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளே. மின்மாற்றியும் மோட்டாரும் சுற்றத் தெரிந்த நகரில் அதற்கு ஆளில்லாமல் போகக் காரணமில்லை.

பேஸின் ஓசையைத் தமிழ், கன்னடக் காதுகளுக்குப் பழக்கியதில் திரையிசையின் பங்கு பெரிது. கன்னடத் திரையிசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றிய இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரானார். அவருடைய பாடல்களில் பேஸ் தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமையாமல் பாட்டுக்கு எதிராகத் தனிவழி நடக்கும் இரண்டாவது குரலாக ஒலித்தது. மேடை மெல்லிசைக் குழுக்கள் அப்பாடல்களை வாசிக்க வேண்டுமானால் பேஸ் கிதார் இன்றியமையாததாயிற்று. தண்டுப் பகுதியின் தமிழர் திருவிழாக்களிலும் திருமண மேடைகளிலும் பழைய பேஸுக்குத் தேவை பிறந்ததற்கு ராக் இசையளவுக்கு இதுவும் காரணம்.

5. வாயில் திறந்த பின்

1991இன் பொருளாதாரச் சீர்திருத்தமும், 1992இன் அயல்வணிகச் சட்டமும், 2001 ஏப்ரலில் எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் நிலைமையை மாற்றின. மென்பொருள் துறையினர் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் திரும்புகையில் கருவிகளைப் பயணப் பொருளாகக் கொண்டுவந்தனர். தெர்மல் அண்ட் அ குவார்ட்டர் போன்ற பெங்களூருக் குழுக்கள் 1990களில் சொந்தப் பாடல்களோடு எழுந்தன. அரண்மனைத் திடலில் 2002இல் ரோஜர் வாட்டர்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிக்கா ஆகியோர் வாசித்தனர். இவற்றில் முதலிருவரின் இசையும் பேஸ் கலைஞரால் வழிநடத்தப்படுவது. ரோஜர் வாட்டர்ஸும் அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸும் பேஸ் வாசிப்பவர்களே. மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ருஹியோவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1986இல் நியூயார்க்கில் களவுபோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறைந்திருந்து வெளிப்பட்ட ஜாக்கோவின் பழைய பேஸை, 2010இல் பணம் கொடுத்து மீட்டவர் அவர்.

இக்காலத்தில் பழைய பேஸின் வாங்கல் விற்றல் ஒரு சுழற்சியாயிற்று. கல்லூரி மாணவர் வாங்குகிறார். வேலை கிடைத்து ஊர் மாறும்போது விற்கிறார். அடுத்த மாணவர் வாங்குகிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கருவி ஒருமுறை சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையே ஒருவகை வாசிப்பு. வாங்குபவர் முதலில் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் வளைவைப் பார்க்கிறார். தந்திகளின் இழுவிசையைத் தாங்கும் இரும்புத் தண்டு கழுத்தினுள் உள்ளது. அதைத் திருகும் இடம் இறுகிப்போயிருந்தால் கருவியின் எதிர்காலம் ஐயத்துக்குரியது. அடுத்து மெட்டுகளின் தேய்மானம். தேய்ந்த இடங்களே முந்தைய உடைமையாளர் எந்தச் சுருதியில் அதிகம் வாசித்தார் என்பதைச் சொல்லிவிடும்.

தட்பவெப்பமும் கருவியில் எழுதுகிறது. சென்னையின் கடற்காற்றில் இருந்த பேஸின் குதிரையிலும் திருகாணிகளிலும் துரு ஏறியிருக்கும். அதே கருவி 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பெங்களூருவுக்கு வந்து பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட காற்றில் இருக்கும்போது, விரற்பலகையின் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் மெட்டுகளின் முனை வெளியே துருத்தி விரலைக் கீறும். பட்டறையில் அரம் கொண்டு அதைத் தேய்ப்பது மிக எளிய வேலை.

பெரிய மாற்றங்கள் அதன்பின் வருகின்றன. மலிவான பிக்கப்பைக் கழற்றிச் சிறந்ததைப் பொருத்துதல், மின்காந்த இரைச்சலைத் தடுக்க உட்குழியில் செப்புத் தகடு ஒட்டுதல், கண்டன்சரை மாற்றுதல், முன்பெருக்கி சேர்த்தல் என்பன வழக்கமானவை. நான்கு தந்திப் பேஸில் தடித்த தந்திகளைப் பூட்டி 31 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த 'பி' வரை இறக்குவதும் உண்டு. அதற்கு நரம்புத்தாங்கியின் வெட்டுகளை அகலமாக்க வேண்டும். மெட்டுகளை முற்றிலும் நீக்குவது எல்லாவற்றிலும் துணிச்சலானது.

மெட்டு நீக்கத்துக்கு இந்நாட்டில் வலுவான இசைக் காரணம் இருக்கிறது. கமகம் சுரங்களுக்கு இடையே வாழ்வது. மெட்டுள்ள வீணை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதைப் பெறுகிறது. மெட்டில்லாக் கோட்டுவாத்தியமும் வயலினும் வழுக்கிப் பெறுகின்றன. தடித்த பேஸ் தந்தியை வீணைத்தந்தி போல இழுப்பது அரிது. ஆகவே கமகம் வேண்டுமெனில் மெட்டு போகவேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இதையொத்த சிக்கலை வேறுவழியில் தீர்த்தார். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாம் தந்தி சேர்த்து, மின்மாண்டலினைக் கர்நாடக இசைக்கு இசைவித்தார். அயல்கருவி இங்கே ஏற்கப்பட்ட வரலாறு பலமுறையும் அது மாற்றியமைக்கப்பட்ட வரலாறாகவே இருந்திருக்கிறது.

6. ஈட்டி மரத்தின் வழி

விரற்பலகைக்குத் திரும்பவேண்டும். பேஸ் கிதார்களில் பலவற்றின் விரற்பலகை ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் அருகிவர, 1960களின் பிற்பகுதியிலிருந்து கிதார் தொழில் இந்திய ரோஸ்வுட்டை நாடியது. அதன் தாவரப் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. தமிழில் ஈட்டி, தோதகத்தி; மலையாளத்தில் ஈட்டி, வீட்டி; கன்னடத்தில் பீட்டே. தமிழ், மலையாள வகரத்துக்கு நேராகக் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரம் வருவது திராவிட மொழியியலில் நன்கறிந்த இணை. தமிழின் 'வா' கன்னடத்தின் 'பா' ஆவது போல. அம்மரம் நீலகிரி, குடகு, வயநாடு எனும் மூன்று மொழி மலைகளில் வளர்வது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டப்பட்ட மரம் கடல்கடந்து போய், கழுத்தில் ஒட்டப்பட்டு, பழைய கருவியாக மீண்டும் பெங்களூருவுக்கு வருவது நிகழக்கூடியதே. அழிவாபத்து உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது, பழைய கருவியை எல்லை கடந்து விற்பதற்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளில் வேறு மரத்துக்கு மாறியது. முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த மூன்றாண்டுகளில் உள்நாட்டிலேயே வாங்கி, உள்நாட்டிலேயே திருத்துவது இன்னும் பொருள் பொதிந்ததாயிற்று. மரத்தைக் காக்க எளிய வழி, வெட்டிவிட்ட மரத்தை நெடுங்காலம் வாசிப்பது.

7. இடைச்செருகலும் மூலபாடமும்

பழைய பேஸைத் திறப்பவர் சுவடியைப் பிரிப்பவரை ஒத்தவர். கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய தேதி இருக்கலாம். ஒலியளவுக் குமிழின் பின்னே எண்வரிசை பொறிக்கப்பட்டிருக்கும்: '137' எனத் தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம், அடுத்த எண்கள் ஆண்டும் வாரமும். ஆனால் அது குமிழ் செய்யப்பட்ட காலமே தவிர, கருவி செய்யப்பட்ட காலம் அன்று. 1966இல் மொத்தமாக வாங்கிய குமிழ்களை ஃபெண்டர் பின்வந்த ஆண்டுகளிலும் பயன்படுத்தியது. ஓலையின் வயதும் பாட்டின் வயதும் ஒன்றல்ல என்று பதிப்பாசிரியர்கள் அறிந்த நெறி இங்கும் பொருந்துகிறது.

ஆயினும் சந்தையின் பதிப்புநெறி வேறு. அது மூலபாடத்தை மட்டும் மதிக்கிறது. பின்வந்த கைகளின் பணி அனைத்தும் அதற்கு இடைச்செருகல். அமெரிக்காவில் உருவான இந்த அளவுகோல் விலைப்பட்டியல்களோடு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அதன் விளைவு கவலைக்குரியது. 1970களில் உள்ளூர்த் தச்சர் வெட்டிய மேல்தகடு, யாரோ ஒரு மெக்கானிக் கையால் சுற்றிய பிக்கப், கடைசல் இயந்திரத்தில் செய்த குதிரை ஆகியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து காலத்துக்கேற்ற 'மூல' உறுப்புகளை வரவழைத்துப் பொருத்தினால் விற்பனை விலை கூடும். கூடிய விலைக்கு ஈடாக அழிவது, இந்நகரில் அக்கருவி வாழ்ந்ததற்கான சான்று. தொழிற்சாலை எப்படிச் செய்தது என்பதற்கு ஆயிரம் கருவிகளும் அச்சிட்ட பட்டியல்களும் உலகில் உள்ளன. கட்டுப்பாட்டுக் காலத்தில் பெங்களூருவின் மெக்கானிக் அதை எப்படிப் பிழைக்கவைத்தார் என்பதற்கு அந்த ஒரு பிக்கப்பைத் தவிர வேறு ஆவணம் இல்லாமல் இருக்கலாம்.

இதனால் மாற்றங்கள் எல்லாவற்றையும் அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று ஆகாது. மாற்றாதே என்று பேஸ் கிதாருக்குச் சொல்வது அதன் வரலாற்றையே மறுப்பதாகும். வேண்டுவது எளியது. கழற்றும் உறுப்பைக் கருவியின் பெட்டியிலேயே ஒரு பையில் வைத்தல். திறக்குமுன் உட்புறத்தைப் படமெடுத்தல். திருத்தியவர் பெயர், பட்டறை இருந்த தெரு, ஆண்டு ஆகியவற்றை விற்பவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுள் வைத்தல். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தொழிற்சாலை உறுப்புகளுக்குச் செய்யும் இந்த மரியாதையை, உள்ளூர் உறுப்புகளுக்கு இங்குள்ளோர் செய்யவேண்டும். வாய்மொழி வரலாற்று மாணவர்களுக்கும் இதில் உடனடிப் பணி இருக்கிறது. வால்வுக் காலத்து மெக்கானிக்குகள் முதுமையில் இருக்கிறார்கள்.

மேளம் கட்டியவரின் பெயர் வீணையில் பொறிக்கப்படுவதில்லை. அந்த வழக்கத்தைப் பேஸ் கிதாரிலும் தொடரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கழுத்தை உடலிலிருந்து பிரிக்க நான்கு திருகாணிகள்தான். அடியில் ஒரு பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுவதற்குப் போதிய இடமிருக்கிறது.